ஈப்போவில் மழை இல்லை

மலேசியாவில் கோப்பெங் அருகே, மூடப்பட்ட ரப்பர்த் தோட்டத்தில் குடியிருந்தபோது தினமும் மழையை அளந்து குறிப்பேட்டில் எழுதுவேன். அளவு கூடினால், ஆற்றோரம் ஆடு வளர்க்கும் செல்லம்மா அக்காவிடம் போய்ச் சொல்வேன்.

சென்ற ஆண்டு ஈப்போ நகரத்துக்குக் குடிபெயர்ந்தேன். நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கான ஓர் இணையச் சேவையிடம் அந்த வேலையை ஒப்படைத்தேன். அது மணிக்கொரு முறை வானிலைத் தகவலை எடுத்து இணைய அட்டவணையில் பதியும். கனமழை என்றால் அக்காவின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். அதன் ஊர்ப் பட்டியலில் தோட்டத்தின் பெயரும் இல்லை, கோப்பெங்கும் இல்லை. பக்கந்தானே என்று ஈப்போவைத் தேர்ந்தெடுத்தேன்.

"இனிமே நீங்க ஆத்தப் பாக்க வேணாங்க்கா. மெசேஜ் வரும்" என்றேன்.

ஒரு பிற்பகல், தோட்டத்துப் பக்க மலையில் கொட்டிய மழையில் ஆறு ஏறி, கொட்டகையில் கட்டியிருந்த ஏழு ஆடுகளும் மூழ்கின. அட்டவணையைத் திறந்தேன். ஒரு வரிசைகூட விடுபடவில்லை. மூன்று மணி, மழை 0. நான்கு மணி, மழை 0.

"தண்ணி சத்தம் கேட்டுச்சு தம்பி. மெசேஜ் வரலையே, ஒன்னுமில்லன்னு உக்காந்துட்டேன் லா" என்றார் அக்கா. திட்டவில்லை.

ஊர்ப் பெயருக்குப் பதில் தோட்டத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்து இடத்தைத் திருத்திவிட்டேன். செய்திகள் இப்போது சரியாகப் போகின்றன. அவர் திறந்து பார்ப்பதில்லை. வானம் கறுத்தால், காப்பாற்ற ஆடு ஒன்றும் இல்லாதபோதும், ஆற்றங்கரையில் போய் நிற்கிறாராம்.

அன்று அங்கே எவ்வளவு மழை பெய்தது என்பது எங்கும் பதிவாகவில்லை. அளந்துகொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.