சாம்பார் சிந்தாத டிஃபரன்ஷியல்

எங்கள் வீட்டில் சமைப்பவர் என் வீட்டுக்காரர், வண்டி ஓட்டுபவள் நான். கேட்டதும் சிலர் சிரிப்பார்கள், சிலர் அவரைப் பாவமாகப் பார்ப்பார்கள். எனக்கு ரசத்துக்கு உப்புப் போடத் தெரியாது, அவருக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது, இதில் பாவப்பட என்ன இருக்கிறது? வில்லியனூர் பக்கம் மாதா கோயிலுக்குப் பின்னால் எங்கள் சமையல் கொட்டகை. காலையில் காய்கறி ஏற்ற, மதியம் சாப்பாட்டு அண்டாக்களைக் கொண்டுபோக, சாயங்காலம் பிள்ளைகளை டியூஷனில் விட, எல்லாவற்றுக்கும் ஒரே பிக்கப்தான்.

போன மழைக்காலத்தில் மணப்பட்டில் ஒரு காதுகுத்துக்குச் சாப்பாடு ஒத்துக்கொண்டோம். சவுக்குத்தோப்பைத் தாண்டிக் கடலோரமாக அந்த வீடு. தோப்புக்குள் பாதி வழியில் பின்பக்கத்து இடது சக்கரம் மணலில் சுற்ற ஆரம்பித்தது. வலது சக்கரமோ ஆணி அடித்த மாதிரி நின்றது. மிதிக்க மிதிக்க வண்டி புதைந்ததே தவிர நகரவில்லை. கடைசியில் அந்த வீட்டு ஆண்கள் வந்து, கம்பு கொடுத்து அண்டாக்களைத் தோளில் சுமந்துகொண்டு போனார்கள். அங்கே அதற்குள் இலை போட்டு ஜனம் உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்தவர்களை எழுப்பி, பிறகு மறுபடி உட்கார வைத்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வீடு திரும்பியதும் என் கொழுந்தன் ஆரம்பித்தார். "அண்ணா, மணல்ல ஓட்ட ஆம்பள டிரைவர் வேணும். அண்ணி ரோட்டுல ஓட்டட்டும்."

வீட்டுக்காரர் அதற்குத் தலையாட்டினார். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. அடுத்த வாரமே பாகூரில் ஒரு டிரைவரிடம் பேசி வைத்துவிட்டு வந்தார். கடற்கரை ஆர்டருக்கு மட்டும்தான் என்றார். "மட்டும்" என்று தொடங்குவது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியாதா? இன்று கடற்கரை, நாளை மழை நாள், அதற்கு மறுநாள் நான் கொட்டகையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். சண்டை போட்டேன். ஆனால் வெளியே வீராப்பு, உள்ளே உதறல். நிஜமாகவே எனக்குத்தான் மணலில் ஓட்டத் தெரியவில்லையோ என்று படுத்தால் தூக்கம் வரவில்லை.

இதை யாரிடமாவது கேட்டுத்தான் ஆகவேண்டும் என்று வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கியர் போட்டுக் காட்டினார். அந்தரத்தில் இருந்த சக்கரம் ஜாலியாகச் சுற்றியது, தரையில் இருந்தது சும்மா நின்றது. இரண்டு சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல்தான் காரணமாம். வளைவில் வெளிப்பக்கத்துச் சக்கரம் அதிகமாக ஓடவேண்டும் என்பதற்காக வைத்திருப்பது. மணலில் ஒரு சக்கரம் பிடி விட்டால் இன்ஜின் தருவதையெல்லாம் அதற்கே வாரிக் கொடுத்துவிடும். உழைக்கும் பிள்ளையை விட்டுவிட்டு ஊதாரிக்குப் பரிமாறும் அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால் உடனே புரிந்துவிட்டது.

"இந்த டிஃபரன்ஷியல வெச்சிக்கினு யார் ஓட்னாலும் அங்க மாட்டிக்கும்க்கா," என்றார்.

எனக்கு நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு, டீக்கடையில் நின்றிருந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அவர் முன்னால் அதையே இன்னொரு முறை சொல்ல வைத்தேன். கொழுந்தனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரிலும் சொல்ல வைத்தேன். மெக்கானிக் அலுத்துக்கொள்ளாமல் சொன்னார், நல்ல மனிதர்.

கேட்டு முடித்ததும் வீட்டுக்காரர் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, மணப்பட்டுல ஒரு நிச்சயதார்த்த ஆர்டர் வந்துக்குது. அதுக்குள்ள வண்டிய சரி பண்ணு. அது நல்லபடியா போச்சுன்னா டிரைவர் வேணாம்," என்றார்.

சரி பண்ண இரண்டு வழி இருந்தது. லாக்கர் என்றால் சக்கரம் வழுக்கியதும் தானே பூட்டிக்கொண்டு இரண்டையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும். லிமிடெட் ஸ்லிப் என்றால் பூட்டாது, வழுக்கும் சக்கரத்தை இழுத்துப் பிடித்து, பலத்தில் கொஞ்சத்தை மற்றதற்குத் தள்ளிவிடும். சுவிட்ச் போட்டால் மட்டும் பூட்டுகிற லாக்கரும் உண்டு, ஆனால் எங்கள் வண்டிக்குத் தோதானது கிடைக்கவில்லை. கொழுந்தன் வீடியோ பார்த்துவிட்டு லாக்கர்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார். மெக்கானிக்கும் மணலுக்கு அதுதான் பலம் என்றார். என் மனசும் அதன் பக்கமே சாய்ந்தது. பட்ட அவமானத்துக்கு மலையேறுகிற மாதிரி ஒன்று வேண்டும் போலிருந்தது.

நல்லவேளை, கேட்டதும் வாங்கிவிடவில்லை. நெட்டப்பாக்கத்தில் சவுக்குக்கட்டை வியாபாரி ஒருவரின் வண்டியில் லாக்கர் போட்டிருந்தது. அவரிடம் அதை ஒருநாள் இரவல் கேட்டு, பின்னால் எங்கள் சாம்பார் அண்டாவை வைத்து, கழுத்தளவு தண்ணீர் ஊற்றி, வாயில் வெள்ளைத் துணி கட்டி, வில்லியனூர் கடைத்தெருவைச் சுற்றி வந்தேன். நேர் ரோட்டில் ஒரு குறையும் இல்லை. தெருமுனையில் ஒடித்துத் திருப்பும்போதெல்லாம் கீழே "கடக்" என்று ஒரு சத்தம், பின்னால் ஒரு வெட்டு. இறங்கிப் பார்த்தால் துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வியாபாரியிடம் சொன்னேன், சிரித்தார். என் கட்டை ஒன்றும் தளும்பாதே என்றார்.

நாங்கள் மணலில் போவது எப்போதாவது. கடைத்தெருவில் திரும்புவது தினம். வண்டியில் போவது கட்டையும் இல்லை. லிமிடெட் ஸ்லிப்தான் என்று முடிவு செய்தேன். பலம் பத்தாமல் போனால் என்று கொழுந்தன் இழுத்தார். அதற்கும் மெக்கானிக் ஒரு வழி சொன்னார், சக்கரம் ரொம்பச் சுற்றினால் ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சமாகத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார், வெட்டியாகச் சுற்றுவது அடங்கி மற்றதற்குப் பலம் போகுமாம். பார்ட்ஸ் சென்னையிலிருந்து வந்தது, மாட்டினார்கள். தெருமுனையில் வண்டியை ஒடித்துத் திருப்பிப் பார்த்தேன், மாட்டியதே தெரியவில்லை. தெரியாமலிருப்பதற்கா இவ்வளவு பாடு என்று கொழுந்தன் முணுமுணுத்தார்.

நிச்சயதார்த்தத்தன்று விடியற்காலையிலிருந்தே மழை. பின்னால் சாம்பார், ரசம், பாயசம். வீட்டுக்காரர் அண்டாக்களுக்கு நடுவே தார்ப்பாய்க்குக் கீழே குந்தியிருந்தார். அதே தோப்பு, அதே இடம், அதே இடது சக்கரம். சுற்றத் தொடங்கியது. வண்டி நின்றால் இந்தச் சாப்பாடு மட்டுமல்ல, இந்த ஸ்டியரிங்கும் போய்விடும். மாதாவே என்று ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சமாகத் தூக்கி, மெதுவாக மிதித்தேன். வலது சக்கரம் ஒரு முனகலோடு மணலைக் கவ்வியது. வண்டி தவழ்ந்து, பிறகு நடந்து, பந்தல் வாசலில் போய் நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, கண்ணாடியில் மழை வழிந்தது நல்லதாகப் போயிற்று.

அவர் இறங்கி முதலில் பார்த்தது என்னை இல்லை, சாம்பார் அண்டாவை. துணியை அவிழ்த்து வெளிச்சத்தில் விரித்தார், புரட்டிப் பார்த்தார். ஒரு மஞ்சள் பொட்டுகூட இல்லை. அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, பந்தல் ஓரமாக நின்று போனை எடுத்தார். பாகூர் டிரைவரிடம்தான் பேசினார்.

"நீ வர வேணாம்பா. எங்க வண்டிக்கு ஆள் இருக்குது," என்றார். பிறகு, "மொதல்லேர்ந்தே இருந்திச்சி," என்றார்.

எனக்குக் கேட்கவேண்டும் என்றே சத்தமாகச் சொன்னாரா, தெரியாது. பாதிப் பந்தலே திரும்பிப் பார்த்தது. நான் ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, வண்டியை ரிவர்ஸ் எடுத்து ஓரமாக நிறுத்தினேன்.