பையோடு நட்ட முந்திரி

கன்று வழங்கும் நெறிமுறையின் ஏழாவது பத்தி மிகத் தெளிவானது. ஓராண்டுக்கு மேல் பையில் நின்ற ஒட்டுக்கன்றை விவசாயிக்குக் கொடுக்கக் கூடாது. நடும்போது பாலித்தீன் பையைக் கிழித்து எறிந்துவிட்டு, மண்கட்டி உடையாமல் கன்றைக் குழியில் இறக்க வேண்டும். அரியலூரில் நான் கண்காணிப்பாளராக இருந்த தோட்டக்கலை அலுவலகத்தில் இந்தப் பத்தியை எதிர்த்து யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. படித்திருந்தால் அல்லவா எதிர்ப்பதற்கு?

ஓய்வு பெற்றுக் குரும்பலூரில் இருக்கிறேன். இந்த ஆடியில் ஒரு நாள் காலை தங்கை போன் செய்தாள். ஆண்டிமடத்துக்கு அப்பால் அவளுக்கு இரண்டு ஏக்கர் செம்மண். கணவர் இறந்த பிறகு அதில் நிற்கும் முந்திரிதான் அவளுக்கு எல்லாம்.

"அண்ணே, வேலியோரத்து மரம் சாஞ்சுட்டுது."

"ஆடிக் காத்துதானே?"

"என்ன காத்து? கொடியில போட்ட துணி அப்படியே கெடக்கு. மரம் மட்டும் படுத்துக்கிட்டுது. இதோட அஞ்சு."

அரியலூர், ஜெயங்கொண்டம் என்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். பதினாறு வயது மரம். இரு கைகளாலும் கட்டிப் பிடிக்கலாம், அவ்வளவு பருமன். இலை பச்சையாக இருந்தது, கிளைகளில் ஒரு குறையும் இல்லை. குனிந்து வேரைப் பார்த்தேன். ஒரு சாண் அகலத்துக்குள் வேர்கள் பிரிமணை போல ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றிக் கிடந்தன. ஆணிவேர் அடியில் முட்டி, மடங்கி, அதுவும் சுற்றியிருந்தது. சில வேர்கள் தண்ணீர் வடிவதற்காகப் பையில் போட்ட துளைகள் வழியாக வெளியே தப்பியிருந்தன. துளைக்கு உள்ளேயும் வெளியேயும் விரல் பருமன், துளை இருந்த இடத்தில் பென்சில் அளவுக்கு இடுப்பு. இத்தனை பெரிய மரத்தை இந்த இடுப்புகள்தாம் பிடித்துக்கொண்டு நின்றிருக்கின்றன. சுருள்களுக்கு நடுவே கறுத்த பாலித்தீன் துண்டு ஒன்று. அதில் 'விற்பனைக்கு அல்ல' என்ற எழுத்து அழியாமல் இருந்தது. எங்கள் அலுவலகத்தில் நீடித்து உழைத்தது அந்த மை ஒன்றுதான்.

நான் தாவரவியல் படித்தவன். வேர் நுனிக்குச் சின்னக் குல்லாய் ஒன்று உண்டு. அதை முன்னால் வைத்துக்கொண்டு மண் துகள்களை விலக்கியபடி வேர் போகும். கடினமான எதிலாவது முட்டினால் முதலில் அழுத்திப் பார்க்கும். நுனிக்குப் பின்னால் பருத்து, பலம் கூட்டி, மறுபடி அழுத்தும். முடியவில்லை என்றால் வளைந்து, அந்தத் தடையைத் தடவிக்கொண்டே சந்து தேடிப் போகும். வயலில் எங்காவது ஒரு வெடிப்பு கிடைக்கும். பைக்குள் என்ன கிடைக்கும்? வந்த இடத்துக்கே வரும். வருடா வருடம் பருத்து, தன் கழுத்தைத் தானே நெரிக்கும்.

"ஏம்மா, பையோடவா நட்டீங்க?" என்று கேட்டேன்.

"கேக்குற கேள்வியப் பாரு! கவரு வெளிய தெரியணும், இல்லாட்டி பயனாளி லிஸ்டுலேருந்து பேர அடிச்சிடுவோம்னு உன் ஆபீஸ்லேருந்து வந்தவருதான் சொன்னாரு. கவரக் கிழிச்சு நட்டவங்க ரெண்டு பேரு பேர அடிச்சும்புட்டாங்க. அப்பறம் யாரு கிழிப்பா?"

மரத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தேன்.

நடந்தது இதுதான். ஒரு வருடம் தணிக்கையில் ஆட்சேபம் எழுப்பினார்கள்: தோட்டத்தில் நிற்பது நாங்கள் கொடுத்த கன்றுதான் என்பதற்கு ஆதாரம் என்ன? மேலதிகாரி கோப்பை என் மேசையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். நான் அரை மணி நேரத்தில் ஒரு குறிப்பு எழுதினேன். 'சரிபார்ப்பின் வசதிக்காக, கன்றின் பையின் மேல்விளிம்பு நிலமட்டத்துக்கு மேல் தெரியும்படி இருத்தல் நலம்.' ஆட்சேபம் கைவிடப்பட்டது. நல்ல டிராப்ட் என்று பாராட்டும் கிடைத்தது. அதை எழுதும்போது வேர் என் நினைவுக்கே வரவில்லை. தணிக்கையாளர்தான் நினைவில் இருந்தார். 'நலம்' என்ற சொல் அரியலூரிலிருந்து ஆண்டிமடம் போய்ச் சேர்வதற்குள் 'பேரை அடிப்போம்' என்று ஆகிவிடும் என்பதை, இத்தனை வருடம் அதே வேலையில் இருந்த நான் அறியாதவன் அல்ல.

இதை அவளிடம் சொல்லவில்லை.

அவளுக்கு அப்போது வேறு கவலை. புரட்டாசியில் புதுக் கன்றுகள் வருகின்றன. அவளுக்கு எண்பது கன்று, ஊரில் பாதிப் பேருக்கு அதே போல. "இத விட்டா எனக்கு இன்னொரு தடவை மரம் வளக்க வயசு இருக்கா?" என்று கேட்டாள். "கவரோடயா, கவரு இல்லாமயா? அத மட்டும் கேட்டுச் சொல்லு."

"எழுத்துலயே வாங்கித் தரேன்" என்றேன். மனு அவள் பெயரில்தான் போக வேண்டும், பயனாளி அவள். ஏழாவது பத்தியைப் பார்வை ஒன்றாகக் காட்டி ஒரு பக்கத்தில் எழுதினேன். ஒப்புகையுடன் பதிவுத் தபால். பதினைந்தாம் நாள் முதல் நினைவூட்டு. அதற்குப் பிறகு நேரில் போனேன். என் நாற்காலியில் இப்போது இருப்பவர் என்னிடம் வேலை கற்ற அம்மாள். டீ வரவழைத்தார்.

"உங்க தங்கச்சியோட மனுதான்னு தெரியும் சார். ஃபைல் மேல போயிருக்கு."

"பையைக் கிழிக்கலாமா கூடாதா, வாயால சொல்லிடும்மா, போதும்."

"எழுத்துல இல்லாம வாயால எதையும் சொல்லாதேன்னு நீங்கதானே சார் எனக்குச் சொல்லிக்குடுத்தீங்க?"

டீ நன்றாக இருந்தது. குடித்துவிட்டு வந்து இரண்டாம் நினைவூட்டு எழுதினேன்.

பதிலுக்கு முன்னால் கன்றுகள் வந்துவிட்டன. அன்று நான் தங்கை வீட்டில் இருந்தேன். வெயிலில் வெளுத்து, மடிப்பில் வெடித்த பைகள். பைக்குள் இரண்டு வருடமாவது நின்றிருக்கும். ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன்; அடித்துளை வழியாக வேர் தொங்கியது.

"எல்லா வூட்டுலயும் குழி வெட்டிட்டாங்க" என்றாள் தங்கை. "நான் போயி சொல்லிடவா, கவரக் கிழிச்சிட்டு நடுங்கன்னு?"

"கொஞ்சம் பொறு, எழுத்துல வரட்டும். நாம சொல்லி நாளைக்கு அவங்க பேர அடிச்சிட்டா?"

"நீ ரிட்டயர்டு ஆனது உனக்கே மறந்துபோச்சுண்ணே."

அவள் பொறுக்கவில்லை. எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் போய்ச் சொன்னாள். "உங்கண்ணன்தான் பெரிய ஆபீசராச்சே, எழுதிக் கொண்டாரச் சொல்லு, நடுறோம்" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து அரிவாளை எடுத்தாள். ஒவ்வொரு பையிலும் மேலே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வளையத்தை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டு மீதியைக் கிழித்தாள். மண்கட்டியைச் சுற்றிய வேர்களை நான்கு இடங்களில் கீறினாள். கன்றைக் குழியில் இறக்கி, மண் தள்ளி, வளையத்தைத் தண்டைச் சுற்றி மண்ணில் செருகினாள்.

"விளிம்புதானே தெரியணும்? தெரியுதா பாரு."

தெரிந்தது. சரிபார்க்க வந்தவர் எண்பது வளையங்களையும் எண்ணிக் குறித்துக்கொண்டு போனார். மற்ற தோட்டங்களில் முழுப் பைகளை எண்ணிக் குறித்துக்கொண்டார். மேலே இருந்து பார்க்க இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. வேர் கீறியதில் சில கன்றுகள் வாடின. பையோடு நட்டவை ஒன்றுகூட வாடவில்லை. அதைக் காட்டி அவளைக் கேலி வேறு செய்தார்களாம்.

பதில் வந்த அன்று தங்கை போனிலேயே படித்துக் காட்டினாள். 'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. இணைப்பில் காணும் அலுவலகக் குறிப்பின்படி செயல்படுமாறு தெரிவிக்கப்படுகிறது.' பக்கம் புரளும் சத்தம் கேட்டது.

"அண்ணே, இந்தக் கையெழுத்து உன்னுதா?"

"ஆமா."

"மரம் விழுந்தப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அதற்குக்கூட அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

"ஊருல மத்தவங்க நட்டு ஒரு மாசந்தான் ஆவுது. தோண்டிக் கிழிச்சா இப்பவும் பொழைக்கும்ல?"

"பொழைக்கும். பெரும்பாலும்."

"அவங்க எழுத்துலதானே கேட்டாங்க? எழுதிக் குடு. இத எழுதுனவனே தப்புன்னு சொல்றான்னு எழுதிக் குடு. நான் வூடு வூடா கொண்டு போறேன்."

வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். என் பெயருக்குக் கீழே பதவி போட இடமில்லை, முத்திரையும் இல்லை. அப்படி ஒரு காகிதத்தை நானே என் மேசையில் எத்தனை முறை ஒதுக்கித் தள்ளியிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். ஊர்க்காரர்கள் என்ன செய்வார்களோ? மூன்று வரிதான் எழுதினேன்: பையோடு நடச் சொன்னது என் குறிப்பு, அது தவறு, தோண்டிப் பையைக் கிழித்துவிடுங்கள். கையெழுத்திட்டேன். தேதி போட்டேன், அக்டோபர் முப்பத்தொன்று.