ஓர்னெல்லாவின் முதுகு

இத்தாலியின் பளிங்கு ஊரான கராராவில் கல் செதுக்குகிறவர்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் கல்லுக்குள் நரம்பு ஓடவேண்டும் என்றால் லோரிஸ் வத்தெரோனியைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் அவனுக்குப் போதவில்லை. துல்லியோ மென்கோனி என்று ஒருவன் உலகத்தில் இருந்ததுதான் காரணம்.

இரண்டு பேரும் கலைப்பள்ளியில் ஒரே வகுப்பு. துல்லியோ உளியைத் தொட்டால் சிலையின் மூக்கு போய்விடும். வாத்தியார் வருவதற்குள் அதை ஒட்டவைத்துக் கொடுப்பவன் லோரிஸ். படிப்பு முடிந்ததும் லோரிஸ் ஒரு பட்டறையில் சம்பளத்துக்குச் சேர்ந்தான், ஓர்னெல்லாவைக் கட்டிக்கொண்டான். துல்லியோ மிலானுக்குப் போய் ஓவியம் வரைந்தான். நீலத்தில் முக்கி எடுத்த மாதிரி முகங்கள். அவை விற்றன. பிறகு சிற்பத்துக்குத் திரும்பினான். அதாவது, கையளவு களிமண் பொம்மை செய்து பட்டறைக்கு அனுப்புவான். அதை ஆளுயரப் பளிங்கில் செதுக்குவது லோரிஸின் வேலை. பீடத்தில் துல்லியோவின் பெயர் விழும்.

பத்தொன்பது வருடம் இப்படியே போனது. பத்திரிகையில் துல்லியோவின் படம் வந்தால் லோரிஸ் முதலில் பார்ப்பது அவன் கைகளை. காய்ப்பு இல்லாத, சுத்தமான நகம் வைத்த கைகள். அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

ஓர்னெல்லாவுக்கு அலுத்துவிட்டது. "தினமும் அவனைத் திட்டித் திட்டி என் காது தேஞ்சு போச்சு. நீயும் செஞ்சு காட்டேன். யாரு உன் கையைக் கட்டி வச்சிருக்கா?"

அந்த வார்த்தை சுட்டது. ஞாயிறு, விடுமுறை என்று பார்க்காமல் இரண்டு வருடம் உழைத்துப் பன்னிரண்டு சிலைகள் செய்தான். நகராட்சிக் கூடத்தை ஒரு வாரம் எடுத்துக் கண்காட்சி வைத்தான். ஊரே வந்தது. கடலைமாவு ரொட்டி தின்றது, ஒயின் குடித்தது. "அடடா, என்ன வழவழப்பு!" என்று தடவிப் பார்த்துவிட்டுப் போனது. எதன் முன்னாலும் யாரும் நிற்கவில்லை.

கடைசி நாள் துல்லியோ வந்தான். ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"என்னடா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறே?"

"சொன்னா கோச்சுக்குவே."

"சும்மா சொல்லு. பெரிய மனுஷன் வாயால கேட்டுக்கறேன்."

"இதெல்லாம் என்னோடது, லோரிஸ். என் சிலையையே திரும்பச் செஞ்சு வச்சிருக்கே."

லோரிஸின் முகம் சிவந்தது. அதற்குள் துல்லியோ கதவோரம் போய்விட்டான். அங்கே காற்றில் கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க லோரிஸ் முட்டுக்கொடுத்திருந்த ஒரு சின்னக் கல் இருந்தது. குனிந்து காலுறை மாட்டும் பெண்ணின் முதுகு. தலை தெரியாது. பாதி முரடாகவே விட்டது. ஓர்னெல்லாவுடன் சண்டை போட்ட ஒரு காலையில், பேசப் பிடிக்காமல் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே செதுக்கியது. துல்லியோ அதன் முன் தரையில் உட்கார்ந்துவிட்டான். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"இதை எனக்குக் குடு."

"தர மாட்டேன்."

அதுவரை பார்த்ததே இல்லாத ஒன்றை அன்று லோரிஸ் துல்லியோவின் கண்ணில் பார்த்தான். பொறாமை. வீட்டுக்கு விசிலடித்துக்கொண்டே நடந்தான்.

எட்டு மாதம் கழித்துப் பட்டறைக்கு மிலானிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே கையளவு களிமண்ணில் குனிந்த முதுகு. தலை தெரியவில்லை. கடலோர ஊர் ஒன்றின் சதுக்கத்துக்காக, இரண்டு மீட்டர் உயரத்தில் வேண்டுமாம்.

லோரிஸ் தொலைபேசியை எடுத்தான். "இது என் பொண்டாட்டி முதுகுடா!"

துல்லியோ மறைக்கவில்லை. "தெரியும். மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது. நான் என்ன பண்ண?"

"நீயே செதுக்கிக்கோ. மூக்கு இல்லாத சிலைதானே, உடையறதுக்கு ஒண்ணுமில்ல."

லோரிஸ் தொடாததால் வேறு ஒருவர் செதுக்கினார். திறப்பு விழா முடிந்த வாரம் லோரிஸ் ரயிலேறிப் போய்ப் பார்த்தான். வழவழவென்று, சோப்புக்கட்டி போல இருந்தது. அந்த முதுகுக்குள் ஆளே இல்லை. அவனுக்கு வந்த சந்தோஷத்தில் இரண்டு ஐஸ்கிரீம் வாங்கித் தின்றான். அதற்குள் ஒரு பள்ளிக்கூடமே வந்து சிலையைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டது. ஐஸ்கிரீம் கசந்தது.

அடுத்த கோடையில் ஓர்னெல்லா பிடிவாதமாக அந்தச் சின்னக் கல்லைப் பக்கத்து ஊர்க் கண்காட்சிக்குத் தூக்கிவந்தாள். மேசை மேல் வைத்தாள். இந்த முறை ஆட்கள் நின்றார்கள். ஒரு பெண்மணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். லோரிஸ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"ரொம்ப அழகு. மென்கோனி சிலையைப் பார்த்துச் செஞ்சீங்களா?"

ஓர்னெல்லா எழுந்து, அந்தப் பெண்மணிக்குத் தன் முதுகைத் திருப்பிக் காட்டினாள்.

"நல்லாப் பாத்துக்குங்க, அம்மா. இதைப் பார்த்துச் செஞ்சது. மென்கோனி இந்தப் பக்கமே வந்ததில்ல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்மணியும் சிரித்துவிட்டு, விலை கேட்டாள். விற்பதற்கில்லை என்றான் லோரிஸ். திரும்பி வரும்போது காரில் கல்லை மடியில் வைத்துக்கொண்டு, "அவன் சிலைகிட்ட இதைவிட எத்தனை பேர் கூட நின்னாங்க தெரியுமாடி" என்று கேட்டான்.

"அந்தக் கணக்கு எனக்கு எதுக்கு? வண்டி ஓட்ட விடு" என்றாள் ஓர்னெல்லா.