ஒச்சுக்காளை சிலைக்கு ஆறாவது விரல்

ஒச்சுக்காளைக்குப் புகைப்படம் கிடையாது. ஃபைபர் சிலை செய்கிறவனுக்கு அது பெரிய சிக்கல். திருப்பரங்குன்றத்தில் என் பட்டறைக்கு வந்து ஆர்டர் கொடுத்த தவசி அதைச் சிக்கலாகவே நினைக்கவில்லை. கப்பலூரில் லாரி வைத்திருப்பவர்.

"நான் அவரு கொள்ளுப்பேரன்ணே. என் மொகத்தையே வச்சிருங்க. மீசைய மட்டும் பெருசாக்கிக்கலாம்."

ஒச்சுக்காளை வெள்ளைக்காரன் காலத்து ஆள். உசிலம்பட்டிக்கு மேற்கே அவர் ஊரில், வெள்ளையனை எதிர்த்த வீரர் என்பார்கள். அதே ஊரில் கூலிவேலை செய்தவர்கள் வாழ்ந்த கிழக்குத் தெருவில், தங்கள் குடிசைகளுக்குத் தீ வைத்தவர் என்பார்கள். இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்வது ஒன்றைத்தான்: அவருக்கு இடது கையில் ஆறு விரல்.

"வெரல மறந்துறாதீக," என்று போகும்போதும் சொல்லிவிட்டுப் போனார் தவசி.

என் கூட்டாளி செல்விக்கும் இடது கையில் ஆறு விரல். பெயிண்டிங் அவர் பொறுப்பு. பட்டறையில் பாதிப் பங்கும் அவருடையது. ஆறு விரல் கைக்கு மாடல் தேடி நான் அலைய வேண்டியிருக்கவில்லை. கேட்டதும் கையை மேசைமேல் வைத்தார்.

களிமண் உருவம் முடிந்ததும் பார்ட்டியைக் கூப்பிட்டுக் காட்டிவிட வேண்டும். மோல்டு எடுத்தபின் மாற்றுவது பெரும்பாடு. தவசி வந்தார். தன் முகத்தைப் பார்த்துத் திருப்தியானார். பிறகு கையைப் பார்த்தார்.

"எப்பிடிண்ணே இம்புட்டுத் தத்ரூபமா?"

"செல்வி கையப் பாத்துத்தான்."

தவசி செல்வியின் பக்கம் திரும்பினார். "ஒங்களுக்கு எந்த ஊரும்மா?"

"ஒங்க ஊருதான். கெழக்குத் தெரு."

நான் போய் இரைந்துகொண்டிருந்த பெயிண்ட் கம்ப்ரஸரை நிறுத்தினேன்.

"எங்க தாத்தாவுக்கு இருந்துச்சு, அப்பாவுக்கு இருந்துச்சு, எனக்கு இருக்கு," என்றார் செல்வி. "தாத்தாவுக்கு அப்பா யாருன்னு அவுகம்மா கடைசி வரைக்கும் வாயத் தொறக்கல. தெரு எரிஞ்ச வருசத்துக்கு மறுவருசம் பொறந்தவருன்னு மட்டும் சொல்லுவாக. ஒங்க வகையறாவுல யாருக்காச்சும் ஆறு வெரல் இருக்கா?"

தவசி தன் கையைப் பார்த்துக்கொண்டார். "இல்ல."

வெளியே போய் நெடுநேரம் போன் பேசினார். திரும்பி வந்து என்னிடம் மட்டும் சொன்னார்: "அண்ணே, எங்காளுக அஞ்சு வெரலே போதும்ங்கிறாக."

"வெரல எடுத்தா நான் இந்தச் செலையத் தொடமாட்டேன்," என்றார் செல்வி.

ஆர்டரை விட்டுவிட்டேன். களிமண்ணை உடைத்துத் தொட்டியில் ஊறப்போட்டோம். அதில் அடுத்து ஒரு பள்ளிக்கூடத்துக்கு யானை செய்தோம்.

வேறு பட்டறையில் செய்த சிலை இப்போது தவசியின் பட்டா நிலத்தில் கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறது. ஐந்து விரல். முகம் அவருடைய சித்தப்பா மகனுடையது. அதில் குடும்பத்துக்குள் தகராறு என்று கேள்வி.

பிறகு ஒருநாள் தவசி தன் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு தனியாக வந்தார். செல்வியிடம் ஒன்றை நீட்டிவிட்டு, எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல் நின்றார்.

"அக்கா... வந்துருங்க."

"மொற சரிதான்," என்று வாங்கிக்கொண்டார் செல்வி. "கெழக்குத் தெருவுக்குக் குடுத்தாச்சா?"

"இல்லக்கா."

"குடுங்க. வாரேன்."

தவசி தெருவுக்குப் போகவில்லை. செல்வி கல்யாணத்துக்குப் போகவில்லை. ஆனால் வழியில் செல்வியைப் பார்த்தால் தவசி வண்டியை நிறுத்தி, பக்கத்தில் யார் இருந்தாலும், அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முன்னோருக்குச் சிலை கேட்டு வந்தால் போட்டோ கேட்பதற்கு முன்னால், "சொந்தக்காரங்க எல்லாரையும் கேட்டாச்சா?" என்று கேளுங்கள். எல்லாரையும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் கேட்கிறேன். பாதிப்பேர் திரும்பி வருவதில்லை.