பனியில் இழுத்த பூசை மணை

வேலேந்திய ஐயன் எவ்விடத்தும் துணை நிற்க!

பூச நட்சத்திரமும் முழுமதியும் கூடிய தைப்பூச நன்னாள் அது. சில ஆண்டுகளுக்கு முன், நியூஜெர்சியில் பிரிட்ஜ்வாட்டர் என்னும் ஊரில், மேட்டின்மீது அமைந்த என் மகன் இல்லத்தில் இது நிகழ்ந்தது. வழிபாட்டிற்காக முந்தைய மாலையே வந்திருந்த மூன்று குடும்பத்தார், பனிப்பொழிவு வலுத்துவிட்டதால் எங்களுடனேயே தங்கிவிட்டனர். விடிந்தபோது முழங்காலளவு பனி.

திருவிளக்கை ஏற்றிக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டு அமெரிக்கர் கதவைத் தட்டினார். எழுபதைக் கடந்தவர், பணிக்காலத்தில் தென்துருவத்தில், பனியையே அழுத்தி இறுக்கி, விமானம் இறங்கும் ஓடுதளம் அமைத்த பொறியாளர். அவர் மனைவி வாசற்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் மேடேற இயலாமல் கீழே பெருஞ்சாலையில் நின்றுவிட்டது. நடந்தே ஏறி வந்த மருத்துவ உதவியாளர் இருவரும், உள்ளே இரத்தம் கசியக்கூடும், தாமதிக்கலாகாது என்றனர். பனி அகற்றும் வண்டி வருவதற்கோ மேலும் சில மணி நேரமாகும். புதையும் பனியில் ஸ்ட்ரெச்சரைச் சுமக்கையில், ஒருவர் கால் இடறினாலும் அந்த அம்மையாரின் நிலை என்னாவது?

நம்மவர்கள் மண்வாரிகளை எடுத்தனர். பொறியாளர் தடுத்தார். அத்தனை நீளப் பாதையை வாரி முடிக்க நண்பகலாகிவிடும். வாராதீர்கள், மிதியுங்கள் என்றார்.

"அங்கிள், கராஜ்ல சால்ட் இருக்கு, கொட்டிடலாமா?" என்றார் எங்கள் நண்பர் ஒருவர்.

"ஐயோ, அவரு தலையில கை வைக்கிறாரு பாருங்க. சால்ட் போட்டா இளகிடுமாம்," என்றாள் என் மருமகள்.

அவர் வாசலிலிருந்து பெருஞ்சாலை வரை, தோளோடு தோள் சேர்ந்து, அடிமேல் அடி வைத்து மிதித்தபடி இறங்கினோம். மிதித்த பனியின்மேல் கனமான பலகை ஒன்றை இழுக்கவேண்டும் என்றார் பொறியாளர். எங்கள் வீட்டில் அத்தகைய பலகை ஒன்றே ஒன்றுதான்: முருகன் படம் எழுந்தருளியிருந்த தேக்கு மணை. மருமகள் என்னைப் பார்த்தாள்.

"மாமா, அந்த மணை..."

"எடும்மா. அவன் மயில் மேல உக்காந்துப்பான்," என்றேன்.

படத்தைக் கம்பளத்தின்மேல் இருத்திவிட்டு மணையைக் கொண்டு வந்தோம். அன்னதானத்திற்கு வாங்கிய அரிசி மூட்டைகளை அதன்மேல் ஏற்றிக் கயிற்றால் பிணைத்தோம். ஆண்களும் பெண்களும் வடம் பிடித்தோம்.

"வெற்றிவேல் முருகனுக்கு!"

"அரோகரா!"

தேர் பார்த்த கண்களுக்கு அதுவும் தேராகவே தோன்றியது. ஏறியும் இறங்கியும் பலமுறை இழுத்தோம். பாதை வழவழவென்று மின்னியது. சால்ட் கொட்டலாம் என்ற அந்த நண்பர் ஆவல் தாங்காமல் குதிகாலை ஊன்றினார். கால் பொதுக்கென்று உள்ளே போயிற்று.

"போச்சுடா! இதுல எப்படிங்க தூக்கிட்டுப் போறது?"

பொறியாளர் அவ்விடத்தை மீண்டும் பனியிட்டு மிதித்து மூடினார். பிறகு, இனி யாரும் தொடவேண்டாம், அழுந்திய பனித்துகள்கள் ஒன்றையொன்று பற்றிப் பிணைந்துகொள்ளச் சற்று நேரம் கொடுக்கவேண்டும் என்றார். அவர் வீட்டினுள்ளிருந்து மனைவியின் முனகல் கேட்டது. அவர் உள்ளே சென்று மனைவியின் கையைப் பற்றிக்கொண்டார். சன்னல் வழியே பார்த்தேன். காத்திருக்கச் சொன்னவரே கைக்கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எத்தருணத்திற்கும் ஒரு பாடலை நாவில் வைத்திருப்பவன் நான். அன்று ஒரு சொல்லும் எழவில்லை. எல்லோரும் பாதையோரம் நின்றோம். கயிறு பிடித்த கைகள் எரிந்தன. செய்வதற்கு எதுவும் இல்லாத அந்த நேரந்தான் எல்லாவற்றினும் கடினமாயிருந்தது.

அவர் வெளியே வந்து, முழு எடையையும் ஒற்றைக் குதிகாலில் ஏற்றி அழுத்தினார். பனி அசையவில்லை. இன்னும் சில இடங்களில் ஊன்றிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

உதவியாளர் இருவரும் நம்மவர் நால்வரும் ஸ்ட்ரெச்சரைச் சுமந்தனர். ஒரு காலடியும் புதையவில்லை. என்னருகே வந்தபோது அந்த அம்மையார் அரிசி மூட்டைகளைக் கண்டார். அவர்கள் வழக்கத்தில் திருமணத்தன்று மணமக்கள்மேல் அரிசி தூவுவார்கள். வலியினூடே கணவரைப் பார்த்து, "இவ்வளவு அரிசியா? உங்களை மறுபடியும் கட்டிக்கொள்ளச் சொல்கிறார்களா என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்போதுதான் பொறியாளர் அழுதார்.

அறுவை சிகிச்சை நலமாக முடிந்தது. வசந்தத்தில் கைத்தடியுடன் அம்மையார் எங்கள் வீட்டிற்கு வந்து, முருகன் முன் நெடுநேரம் நின்றார். மணையின் அடிப்புறம் தேய்ந்து வெளுத்திருந்ததை நான் காட்டவில்லை.

எத்தனையோ ஆண்டுகள் இறைவனிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். இப்போது, இயன்றதைச் செய்து முடித்தபின் அவன் செயலுக்கும் சற்று நேரம் விட்டு, வாய்மூடி அமர்ந்திருக்கிறேன்.

இதைப் படிக்கும் யாவர்க்கும் கால் வைக்கும் இடமெல்லாம் உறுதியாகுக. வீழும் வேளையில் தாங்க அயலார் கைகள் வாய்க்குக!