குளிக்காமல் தொட்ட பெட்டி

எம். புதுப்பட்டியில் போய் வள்ளித்தாய் வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். பயந்தாங்கொள்ளி வள்ளி வீடு என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டுவிடுவார்கள். இடி இடித்தால் பயம், போன் மணி அடித்தால் பயம், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் கொஞ்சம் ஓங்கி அடித்தால்கூட நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஒருமுறை ஏதோ மனு கொடுக்கச் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போனவள், வாசலில் நின்ற போலீஸ்காரர் சும்மா திரும்பிப் பார்த்ததற்கே மனுவும் கையுமாக பஸ் ஸ்டாப்புக்கு ஓடி வந்துவிட்டாள். அவள் புருஷன் மாரிக்கண்ணன் லோடு வண்டி ஓட்டுகிறவர். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்காத நாள் கிடையாது.

இப்படிப்பட்டவள் வேலை பார்ப்பதோ பட்டாசுக் கம்பெனியில். அதுவும் பெட்டியில் அடுக்கி லேபிள் ஒட்டுகிற பதவிசான வேலை இல்லை. குழாய்க்குள் மருந்து செலுத்துகிற வேலை. காலையில் வளையலையும் ஊக்கையும் கழற்றி வைத்துவிட்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டு, கதவோரம் பதித்திருக்கும் செம்புத் தகட்டைக் கையால் தொட்டுவிட்டுத்தான் மருந்து ரூமுக்குள் கால் வைக்க வேண்டும். உடம்பில் இருக்கிற மின்சாரம் தகடு வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடுமாம். மற்றவர்கள் ஒரு தடவை தொடுவார்கள். வள்ளித்தாய் தொட்டுவிட்டு, தொட்டோமா என்று சந்தேகம் வந்து திரும்பவும் தொடுவாள்.

"இம்புட்டுப் பயத்த வச்சுக்கிட்டு எப்படிடீ இந்த வேலைக்கு வந்தே?" என்பாள் கூட வேலை பார்க்கும் தங்கத்தாய்.

"பயந்தவதான்டீ இங்கன வரணும். பயப்படாதவ கதைய நான் வீட்டுலயே பாத்துட்டேனே."

அவள் சொல்வது தன் கூடப்பிறந்த அக்காள் சண்முகத்தாயை. அதே கம்பெனிதான், அதே வேலைதான். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்த அலுப்பில், குளிக்காமல், கட்டியிருந்த வேலைச் சேலையோடு ஒரு வாய் காப்பித்தண்ணி வைக்க அடுப்புக்கு முன்னால் குத்த வைத்தாள். சேலை மடிப்பில் மருந்துத் தூள் இருந்திருக்கிறது. கம்பெனியில் அத்தனை வருஷம் ஒரு கொப்புளம்கூட வாங்காதவளை வீட்டு அடுப்பு வாங்கிக்கொண்டது. ஓடி வந்து முதலில் பார்த்தவள் வள்ளித்தாய். என்ன பார்த்தாள் என்று இன்றுவரைக்கும் அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு சட்டம். வேலை முடிந்து வந்தால் வீட்டுக்குள் நுழையாமல் நேரே கொல்லைக்குப் போக வேண்டும். தலையோடு குளிக்க வேண்டும். வேலைச் சேலையைத் தனி வாளியில் முக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுப்பு, பானை, பிள்ளை எல்லாம். மகள் ரோஜா நடை பழகிய வயதில், அம்மா வருவதைப் பார்த்துவிட்டு ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு தத்தித் தத்தி ஓடி வருவாள். "தொடாத!" என்று வள்ளித்தாய் போடுகிற கூச்சலில் பிள்ளை அப்படியே நின்று உதட்டைப் பிதுக்கும். என்ன செய்ய? கொஞ்சம் வளர்ந்ததும் ரோஜாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. மற்ற பிள்ளைகள் அம்மாவைக் கண்டதும் இடுப்பில் ஏறும். ரோஜா துண்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்படியில் வந்து நிற்பாள். "சீக்கிரம் குளிச்சிட்டு வா எம்மா, நிக்கேன்" என்பாள். குளித்து முடித்து, துண்டை வாங்கித் துவட்டி, அதன்பிறகு கட்டிக்கொள்வார்கள் பாருங்கள், யாராலும் பிரிக்க முடியாது.

பன்னிரண்டாம் வகுப்பு லீவில் ரோஜா ஒருநாள், "சீசன் நேரந்தான, நானும் ஒன்கூட வேலைக்கு வாரேன் எம்மா" என்றாள். வள்ளித்தாய் மறுபேச்சுப் பேசாமல் கொல்லைக்குப் போனாள். குளித்தாள். சேலை மாற்றினாள். வந்து மகள் கன்னத்தில் ஒன்று விட்டாள். அடிப்பதற்குக்கூடக் குளித்துவிட்டு வந்த தாயை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா?

ரோஜா நர்சிங் படித்தாள். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே அந்தப் பரீட்சை, இந்தப் பரீட்சை என்று எழுதி, கடைசியில் கடல் தாண்டி ஒரு குளிர் நாட்டில் வேலை வாங்கிவிட்டாள். அந்த நாட்டின் பேர் வள்ளித்தாய் வாயில் நுழையவில்லை. "அங்கன" என்பாள், அவ்வளவுதான். மகள் அவ்வளவு தூரம் போவதில் அவளுக்கு நெஞ்சு நிறைய பயம். போகாமல் நின்றுவிடுவாளோ என்பதில் அதைவிடப் பயம். பாஸ்போர்ட் வந்த அன்று, "தொட்டுப் பாரு எம்மா" என்று ரோஜா நீட்டினாள். "வேண்டாம் தாயி, நீயே வச்சுக்கோ. என் கை பட்டு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிரும்" என்று நகர்ந்துகொண்டாள்.

அடுத்த மாதம் கிளம்புவதாக ஏற்பாடு. அதற்குள் அங்கே விசாச் சட்டத்தை இறுக்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பி, கூடி, ஒரு வியாழக்கிழமை காலையில் உறுதியாகிவிட்டது. வேலைக்கு ஏற்பாடு செய்த மதுரைக்காரர் ரோஜாவுக்குப் போன் போட்டார். வெள்ளிக்கிழமைக்குள் போய் இறங்குகிறவர்களுக்குப் பழைய விசா செல்லும். ஒரு நாள் பிந்தினாலும் எல்லாம் முதலில் இருந்து, அதுவும் வெளி ஆட்களை இனி எடுப்பார்களா என்பதே சந்தேகம். அன்று சாயங்காலம் மதுரையில் ஏறி, நடுவில் ஒரு ஊரில் விமானம் மாறினால் வெள்ளி மத்தியானம் இறங்கிவிடலாம். ஒரே ஒரு சீட்டு இருக்கிறது. ஏறுகிறாயா?

ரோஜா சரி என்று சொல்லிவிட்டு, வேண்டிய காகிதங்களைத் தயார் பண்ண விருதுநகருக்கு ஓடினாள். மாரிக்கண்ணன் கம்பெனி கேட்டுக்கு ஓடினார்.

வேலை நேரத்தில் மருந்து ரூம் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அந்தப் பக்கத்தில் யாருக்கும் ஈரக்குலை நடுங்கும். போர்மேன் சங்கையா வந்து, "வள்ளி, ஒன் வீட்டுக்காரர் கேட்டுல நிக்காரு" என்றதும் அவளுக்குக் கால் ஓடவில்லை. கேட்டில் மாரிக்கண்ணன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல. புள்ள இன்னைக்கே கெளம்புது. நாளைக்குள்ள அங்கன போய் எறங்கணுமாம். இல்லன்னா எல்லாம் போச்சு."

வீட்டுக்கு வந்தால் பெட்டி கட்டிலுக்கு அடியில் காலியாகக் கிடக்கிறது. வாடகைக் கார் இப்போது வந்துவிடும். வள்ளித்தாய் பெட்டியை இழுத்துப் போட்டாள். குளிருக்கு வாங்கிய சுவெட்டர், நர்ஸ் உடுப்பு, பருப்புப்பொடி, முறுக்கு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் எடுத்து அடுக்கினாள், மடித்தாள், அமுக்கினாள். ரோஜா தோளில் மாட்டிக்கொள்ளும் பையையும் அவளே அடுக்கினாள். இத்தனை நாளில் ஒருநாள்கூடத் தவறாதவள் அன்றைக்கு மட்டும் குளிக்கவில்லை. நேரமில்லை என்று விட்டுவிட்டாள் என்றால்கூடப் பரவாயில்லை. குளிக்க வேண்டும் என்கிற நினைப்பே அவளுக்கு வரவில்லை. 'நாளைக்குள்ள, நாளைக்குள்ள' என்பதுதான் மண்டைக்குள் ஓடியது.

கார் ஹாரன் அடிக்கும்போதுதான் ரோஜா மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். "எம்மா, வேலைச் சேலையோடயா வரப்போறே? மாத்திட்டு வா" என்றாள். அப்போதுதான் ரெண்டு செம்பு தண்ணீரை மேலுக்கு ஊற்றிக்கொண்டு, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். விருதுநகரைத் தாண்டும்போது மிளகாய் வத்தல் நெடி காருக்குள் ஏறி மூன்று பேரும் தும்மினார்கள், தும்மித் தும்மிச் சிரித்தார்கள். தோள்பை வழியெல்லாம் வள்ளித்தாய் மடியில்தான் இருந்தது. ரோஜா அம்மாவின் கையைப் பிடித்தபடியே வந்தாள்.

விமான நிலையத்தில் ரோஜா உள்ளே போனாள். இவர்கள் இருவரும் வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்தபடி நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து மாரிக்கண்ணன் போன் அடித்தது. வள்ளித்தாய் வழக்கம்போல நெஞ்சைப் பிடித்தாள். மாரிக்கண்ணன் சிரிக்க வாயைத் திறந்தவர், பேச்சைக் கேட்டதும் முகம் செத்துப்போய் போனை அவளிடம் நீட்டினார்.

"எம்மா..." என்றாள் ரோஜா. "என் பையத் துணி வச்சுத் தொடச்சு மெஷின்ல போட்டாக. சிவப்பு லைட்டு எரியுது. என் கையத் தொடச்சாக, அதுக்கும் எரியுது. வெடிமருந்துங்காக எம்மா. யார் குடுத்தா, எங்க வாங்குனேன்னு கேக்காக. பெட்டியையும் திரும்ப எடுத்துட்டு வந்துட்டாக. எனக்குப் பயமா இருக்கு..."

போன் துண்டித்துவிட்டது.

வள்ளித்தாய் தன் சேலையைப் பார்த்தாள். நல்ல சேலை, சோப்பு வாசம் அடிக்கிற சேலை. பிறகு கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் வெள்ளி நிறத்தில் மருந்துத் தூள் அப்படியே இருந்தது. பெட்டி அடுக்கும்போது கட்டியிருந்தது எந்தச் சேலை என்று அப்போதுதான் நினைவு வந்தது. ஐயோ! சண்முகத்தாய் குளிக்காமல் போய் அடுப்பைத் தொட்டாள். நான் குளிக்காமல் போய் என் பிள்ளையின் வாழ்க்கையையே தொட்டுவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

வாசலில் துப்பாக்கியோடு நின்றவரைப் பார்த்து அவள் நடக்கத் தொடங்கியதும் மாரிக்கண்ணனுக்கே நம்ப முடியவில்லை. சூலக்கரையில் போலீஸ்காரர் பார்த்ததற்கே ஓடியவள்! நடையில் உதறல் இருந்தது, பல் அடித்துக்கொண்டது. ஆனாலும் நடந்தாள்.

"ஐயா, உள்ள எம் பொண்ண நிப்பாட்டி வச்சிருக்காக. அந்த மருந்து என்னோடது ஐயா. என்னப் பிடிங்க."

"ஏ வள்ளி, என்ன சொல்றோம்னு தெரிஞ்சுதான் சொல்றியா? உள்ள தூக்கிப் போட்டுருவாக" என்று மாரிக்கண்ணன் கையைப் பிடித்து இழுத்தார்.

"போடட்டும். புள்ள நாளைக்குள்ள போய் எறங்கணும்" என்று உதறிவிட்டாள்.

துப்பாக்கிக்காரர் ரெண்டு பேரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். ஒரு ரூமில் பருப்புப்பொடியும் முறுக்கும் நர்ஸ் உடுப்பும் மேஜை மேல் பரப்பிக் கிடந்தன. ஒரு பெரிய நாய் ஒவ்வொன்றாக மோந்து பார்த்தது. ரோஜா ஒரு மூலையில் சுவரோடு ஒட்டி நின்றாள். காகிதங்கள் இருந்த பிளாஸ்டிக் உறையை மட்டும் நெஞ்சோடு பிடித்திருந்தாள். அங்கே பொறுப்பாக இருந்த பெண் அதிகாரி, வள்ளித்தாயின் விரல்களை ஒரு துணித்துண்டால் துடைத்து மெஷினுக்குள் வைத்தார். மெஷின் போட்ட அலறலில் வள்ளித்தாய் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வெடிக்கப் போகிறது என்றே நினைத்துவிட்டாள், பாவம்.

"சொல்லுங்க. இது எப்படி?"

எல்லாவற்றையும் சொன்னாள். கம்பெனியைச் சொன்னாள். குளிக்காமல் எதையும் தொடக்கூடாது என்ற தன் சட்டத்தைச் சொன்னாள். இத்தனை வருஷமாக ஒருவரிடமும் சொல்லாத சண்முகத்தாய் கதையை, அடுப்புக்கு முன்னால் தான் கண்டதை, ஒன்று விடாமல் சொன்னாள். அழுகையும் பேச்சும் கலந்து வந்தது. அதிகாரி கம்பெனிக்குப் போன் போட்டார். சங்கையா விவரம் சொன்னார். பிறகு யார் யாருக்கோ போன் போட்டார்கள், தங்களுக்குள் பேசினார்கள். வெளியே அந்த விமானத்துக்குக் கடைசியாகக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். வள்ளித்தாய் நின்ற இடத்திலேயே கும்பிட்டபடி இருந்தாள்.

கடைசியில் அதிகாரி வந்தார். "பெட்டி, பை, துப்பட்டா எதுவும் போகாது. கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவி, அந்தக் கவரையும் ஈரத்துணியால துடைச்சிட்டு வரட்டும். ரெண்டையும் இன்னொரு தடவை பார்ப்போம். சிவப்பு எரிஞ்சா என்னால அனுப்ப முடியாது. நீங்க ரெண்டு பேரும் இங்கதான் இருக்கணும், விசாரணை இருக்கு."

"இருக்கோம் தாயி. எத்தன நாளு வேண்ணாலும் இருக்கோம்."

ரோஜா தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தாள். தோலே சிவந்திருந்தது. துணித்துண்டு மெஷினுக்குள் போயிற்று. பச்சை. அடுத்து பிளாஸ்டிக் உறை, அதற்குள் இருந்த பாஸ்போர்ட். அதுவும் பச்சை. தொடுவதற்குப் பயந்து பயந்து அவள் ஒருநாளும் தொடாத பாஸ்போர்ட் அல்லவா!

"ஓடுங்க, கதவை மூடிடுவாங்க" என்றார் அதிகாரி.

ரோஜா ஓடினாள், ஆனால் கதவுப் பக்கம் இல்லை. ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு, அழுதுகொண்டு அம்மாவிடம் ஓடி வந்தாள்.

"தொடாத!"

ரூமே திடுக்கிட்டது. வள்ளித்தாய் சுவர் வரைக்கும் பின்னால் போய், ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். நீட்டிய கை நீட்டியபடி ரோஜா நடுவில் நின்றுவிட்டாள். சின்னப் பிள்ளையில் நின்றது போலவே உதடு பிதுங்கியது.

"கிட்ட வராத தாயி. போ."

"எம்மா, ஒரே ஒரு தடவ..."

"இன்னொரு மெஷின் இருந்தா என்ன செய்வே? போ தாயி, நாளைக்குள்ள போய் எறங்கு." சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள். "நீ திரும்பி வார அன்னைக்கு நான் வேலைக்குப் போக மாட்டேன். குளிச்சிட்டு நிக்கேன்."

ரோஜா தலையை ஆட்டிவிட்டு ஓடினாள். மகள் கதவுக்கு அந்தப் பக்கம் போய் மறைகிற வரைக்கும் வள்ளித்தாய் கையை முன்னால் கொண்டுவரவே இல்லை.