வட்டப் படத்துக்கு ரெண்டு நிமிஷம்

கோபம் வராதா பின்னே? ஆறு மாசம் ஹோட்டல், மருத்துவமனை, கார் ஷோரூம் என்று நாயாய் அலைந்து, ஒரு இடத்தை நாலு பக்கமும் சுற்றிக் காட்டும் வட்டப் படங்கள் நாற்பத்தொன்பது எடுத்து முடித்திருந்தாள். கேமராவைச் சுற்றியே குனிந்து சுழல்வதால் தெருவில் அவளுக்கு ராட்டினம் என்று பேர். ஐம்பது படமும் தேறினால் தொழில்முறை பனோரமா போட்டோகிராபர் என்று சான்றிதழ் கிடைக்கும். மிச்சம் ஒன்றே ஒன்று: ஆள் குடியிருக்கும் வீட்டின் ஹால், பகல் வெளிச்சத்தில். அந்த ஒன்றுக்கு அவள் சொந்த வீடே குறுக்கே நின்றது.

வேலை என்னவோ ரெண்டு நிமிஷம்தான். ஸ்டாண்டில் கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வரிசையாக எடுத்தால், பிறகு கம்ப்யூட்டர் ஒட்டித் தரும். நடுவில் யாராவது நடமாடினால் தொலைந்தது. முந்தாநாள் மாமியார் மூக்குக்கண்ணாடியைத் தேடி வந்தார். படத்தில் ரெண்டு மாமியார், ஒருத்தருக்குக் கால் இல்லை. நேற்று புருஷன் சார்ஜரைத் தேடி வந்தான். சோபா பக்கத்தில் வயிறு மட்டும் தனியாக நின்றது. இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்பாவிட்டால் நாற்பத்தொன்பதும் செல்லாது. மறுபடி முதலிலிருந்து.

நாலு மணிக்கு எல்லாம் தயார். பாதி சுற்றியிருப்பாள், புருஷன் தண்ணீர் குடிக்கக் குறுக்கே போனான்.

"ரெண்டு நிமிஷம் இருங்கன்னு சொன்னேன்ல?"

"தண்ணி குடிக்கக்கூட உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா? வீட்டுல சும்மா இருக்கறவளுக்கு இவ்வளவு ராங்கியா?"

சும்மாவாம். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கல்யாணம் ஆகி இருபது வருஷம். ரெண்டே ரெண்டு நிமிஷம் கேட்டேன். அதைக்கூட உங்களால தர முடியல," என்றாள். புருஷன், மாமியார் இருவரையும் வெளியே அனுப்பி உள்ளே தாழ் போட்டு, மறுபடி முதலிலிருந்து சுற்றி எடுத்தாள்.

கம்ப்யூட்டரில் ஒட்டியபோதுதான் கவனித்தாள்: ஜன்னலுக்கு வெளியே தாயும் மகனும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள். அதிசயமாக அசையாமல் நின்றதால் முழுசாக விழுந்திருந்தார்கள். அறைக்கு வெளியே ஆள் இருந்தால் குற்றமில்லை, ஆனால் முகத்தை மங்கலாக்கியாக வேண்டும் என்பது விதி. மாமியார் முகத்தை ஒரு தடவை தேய்த்தாள். புருஷன் முகத்துக்கும் ஒரு தடவை போதும். அவள் நாலு தடவை தேய்த்தாள். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அனுப்பினாள்.

ஒன்பதாம் நாள் சான்றிதழ் வந்தது. சும்மா என்ற அதே வாய், மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரரை நிறுத்தி வைத்துப் பெருமை பேசியது.

"என் பொண்டாட்டி சர்டிபிகேட் வாங்கின போட்டோகிராபர் சார். இது நம்ம ஹால். ஜன்னல்ல நிக்கிறது நான்தான்."

அவர் புருஷன் நீட்டிய போனில் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "யாரோ நிக்கிறாங்க. மூஞ்சி தெரியலையே."

புருஷன் அசடு வழிந்துகொண்டே வாசலுக்கு வந்த அவள் பக்கம் திரும்பினான். "ஏம்மா, என் மூஞ்சி மட்டும் தெரியற மாதிரி மாத்திக் குடேன். ரெண்டு நிமிஷ வேலைதானே?"

அவள் ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"ரெண்டு நிமிஷம்தான். எனக்கு நேரமில்லைங்க."